கிச்சனுக்கு போன்னு சொன்னாங்க

2025 ஜனவரி லீவுல ஒரு மத்தியானம், சாப்ட்ட தட்டெல்லாம் கழுவி கவுத்துட்டு அப்பதான் வந்து உக்காந்தேன், உள்ரூம்ல மக விளையாடிட்டு இருந்தா. அவ விளையாடினா தெருவுக்கே கேக்கும், ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு இந்த ரீயூனியன் தீவு பேச்சு மொழி கிரியோலும் பிரெஞ்சுமா கலந்து கத்துவா. அன்னிக்கு திடீர்னு சத்தம் நின்னு போச்சு. புள்ளைங்க கத்துனா கண்டுக்காத, கத்தல் நின்னா தான் எழுந்து போய் பாக்கணும்னு எங்கம்மா சொல்லும், போய் பாத்தேன். கேம் ஓடிட்டு தான் இருக்கு, இவளும் விளையாடிட்டு தான் இருக்கா, மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிட்டா. என்னாச்சுடின்னேன். ஒண்ணும் இல்லமா, மேட்ச் முடியட்டும்னா. கண்ணு செவந்திருந்துச்சு.

ராத்திரி சோறு போடும்போது தான் வாயை தொறந்தா. டீம்ல பிரான்ஸ்லேர்ந்து ஒருத்தன், கொரலை கேட்டா வளர்ந்த ஆம்பள மாதிரி இருக்காம், இவ கொரல் கேட்டதுமே "பொண்ணா? போ, போய் பாத்திரம் கழுவு, கிச்சனுக்கு போ"ன்னு சொல்லிருக்கான், மத்தவனுங்க சிரிச்சிருக்கானுங்க. அப்புறம் இவ பேசுற தீவு பிரெஞ்சை கிண்டல் பண்ணிருக்கானுங்க. அதுக்கப்புறம் சொன்னதை நான் இங்க எழுதல, 13 வயசு புள்ள கிட்ட சொன்னதுங்கறதை மட்டும் சொல்லிக்கிறேன். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினோம், தகவலுக்கு நன்றின்னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அவ்ளோதான். எந்த கேம்னு கேக்காதீங்க, எல்லா கேம்லயும் இதே கதை தான்.

எனக்கு அப்ப கோவத்துக்கு முன்னாடி வந்தது வெக்கம். ஏன்னா அவ அன்னிக்கு செஞ்சத நான் பல வருஷமா செஞ்சுட்டு இருக்கேன். மைக்கை ஆஃப் பண்ணிட்டு விளையாடுறது. அவளுக்கு நான் சொல்லி குடுக்கவே இல்ல, தானா கத்துக்கிட்டா.

புதுசா படிக்கறவங்களுக்கு என்னை பத்தி கொஞ்சம். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை தான் சொந்த ஊரு, அப்பா பிரெஞ்சு மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு, எங்க வீட்டுக்கு தெருவுல சொல்தா வீடுன்னு பேரு, சொல்தான்னா சிப்பாய். 2009ல கல்யாணம் ஆகி, இந்தியப் பெருங்கடல்ல பிரான்சுக்கு சொந்தமான இந்த ரீயூனியன் தீவுக்கு வந்தேன், சேந்த் ஆந்த்ரே பக்கம். வீட்டுக்காரர் இந்த ஊரு மல்பார், அதாவது கரும்பு வெட்ட கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க வம்சம், அவரு பேர்ல தமிழ் இருக்கு வாயில இல்ல. நான் ஒரு ஸ்கூல் கேன்டீன்ல வேலை பாக்கறேன். ஆமா, சமையல் வேலை. கிச்சனுக்கு போன்னு எவனாவது என்னை சொன்னான்னா காலையில 6 மணிக்கே போயிட்டு வந்துட்டேன்டான்னு தான் சொல்லணும்.

கேம் பைத்தியம் ஆரம்பிச்சது பாண்டியில தான். உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், அந்த டிவி கேம், மஞ்ச கலர் கேசட், ஊதி ஊதி சொருகணும், பெரிய பரீட்சை லீவு விட்டா பெரியப்பா வீட்ல தான் குடித்தனம். ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கும், முதல் ஜாய்ஸ்டிக் எப்பவும் பெரியப்பா பையனுக்கு, ரெண்டாவது எனக்கும் தம்பிக்கும் முறை வெச்சு. கான்ட்ரால எனக்கு சிவப்பு பேண்ட் ஆளு. மரியோல இன்னும் மோசம், அண்ணன் செத்தா தான் லூய்ஜிக்கு சான்ஸ் வரும், நான் பக்கத்துல உக்காந்து முருகா இவன் சீக்கிரம் சாவணும்னு வேண்டிட்டு இருப்பேன். அந்த அழுக்கு பச்சை கலர் லூய்ஜி தான் நான். பொம்பள புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், போய் வெங்காயம் உரின்னு பெரியம்மா சொல்லும், அப்பவும் கிச்சன் தான் பாருங்க.

அந்த மரியோல ஒவ்வொரு கோட்டை முடிவுலயும் ஒரு காளான் தலை ஆளு நின்னு இளவரசி வேற கோட்டையில இருக்கான்னு எழுத்துல சொல்லுவான். எங்களுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது, அந்த குட்டி ஆளை தான் காப்பாத்த வந்தோம்னு நெனச்சு சந்தோஷப்பட்டுட்டு அடுத்த லெவலுக்கு போயிடுவோம். இப்படி ஒரு இளவரசி இருக்காங்கறதே எனக்கு காலேஜ் படிக்கும்போது தான் தெரியும். 1985ல வந்த கேம் அது, அந்த இளவரசி பீச் பேர்ல தனியா ஒரு பெரிய கேம் வர 2005 ஆச்சு, 20 வருஷம். சரி அதுலயாவது வாளு கீளு குடுத்திருப்பாங்கன்னு பாத்தா அவ சக்தியே அழுகை, கோவம், சந்தோஷம், சாந்தம். அழுதா கண்ணீர் அருவியா கொட்டும், அதுல செடி வளரும். எங்க சீரியல் மாமியார்ங்க கூட இவ்ளோ அழ மாட்டாங்க. 2024ல இன்னொன்னு வந்துச்சு, ஷோடைம்னு, அதுல கத்திச்சண்டை போடுறா, கேக் செய்றா, துப்பறியுறா, மகளுக்கு வாங்கி குடுத்தேன், ரெண்டு நாள்ல முடிச்சுட்டு ரொம்ப ஈஸிமான்னு சொல்லிட்டா.

இங்க வந்ததுக்கப்புறம் மக கைக்குழந்தையா இருக்கும்போது ராத்திரி பால் குடுத்துட்டு தூக்கம் வராது, வீட்டுக்காரரோட பழைய கம்ப்யூட்டர்ல விளையாட ஆரம்பிச்சேன். ஆன்லைன் கேம்ல பேரு வெக்கணும்ல, கருவாடு974ன்னு வெச்சேன். 974ங்கறது இந்த தீவோட டிபார்ட்மென்ட் நம்பரு, இங்க பாதி பேரு பேருக்கு பின்னாடி அதை ஒட்டிப்பாங்க. கருவாடுன்னா ஆம்பளையா பொம்பளையான்னு எவனுக்கு தெரியும். பிரெஞ்சுக்காரனுங்க காருவாதுன்னு படிப்பானுங்க, யாராவது அர்த்தம் கேட்டா உப்பு மீனுன்னு டைப் பண்ணுவேன். டைப் தான், பேச மாட்டேன். எல்லாரும் என்னை ஆம்பளைன்னே நெனச்சுப்பாங்க, நானும் விட்டுடுவேன். ஒரு தடவ ஒருத்தன் என்கிட்ட அவன் பொண்டாட்டி சண்டையை பத்தி அரை மணி நேரம் பொலம்பினான், மச்சான் நீயே சொல்லுங்கற மாதிரி, நானும் மச்சானாவே அட்வைஸ் டைப் பண்ணி குடுத்தேன். அவங்க இப்ப நல்லா இருக்காங்கன்னு நம்பறேன்.

தீவுல இருந்து விளையாடுறவங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, பிங், அதாவது நம்ம சிக்னல் சர்வருக்கு போயிட்டு திரும்ப வர்ற நேரம், மில்லிசெகண்ட் கணக்குல. இந்தியாவுல உக்காந்து படிக்கறவங்க 60, 70 பிங் வந்தாலே லேக் லேக்னு அழுவீங்க. எனக்கு யூரோப் சர்வர்ல 150க்கு கீழ ஒரு நாளும் பாத்ததில்ல, 190 சாதாரணம். பாரிஸ் இங்கேர்ந்து 9,000 கிலோமீட்டருக்கு மேல, கேபிள் நேரா போகாம ஆப்பிரிக்காவை சுத்தி, கடலுக்கடியில வளைஞ்சு வளைஞ்சு போகுது. சேஃப்னு ஒரு பழைய கேபிள் இருக்கு, தென்னாப்பிரிக்காவுல ஆரம்பிச்சு இந்த தீவு, மொரீஷியஸ், கொச்சி வழியா மலேசியா போகுது, கொச்சிய தொட்டுட்டு போற கேபிள் என் வீட்டு பக்கம் வருதுங்கறது எனக்கு ஏதோ சொந்தக்காரங்க மாதிரி. ஆனா விளையாட்டுக்கு அது ஒண்ணும் உதவல. நான் சுடுறேன், எதிரி தலையை பாத்து தான் சுடுறேன், என் குண்டு கடலுக்கடியில போய் சேர்றதுக்குள்ள அவன் டீ குடிச்சுட்டு வந்து என்னை சுட்டுடறான். இதுல பொண்ணுன்னு தெரிஞ்சா என்ன ஆகும் சொல்லுங்க. ஆம்பள தோத்தா பிங்னு சொல்லுவான், எல்லாரும் பாவம்டான்னுவாங்க. பொண்ணு தோத்தா அவ பொண்ணுங்கறதால தோத்தா. அதே 190 தான் ரெண்டு பேருக்கும்.

மைக் ஆஃப் பண்றதை பத்தி யோசிச்சா எனக்கு சேமஸ் ஞாபகம் தான் வரும். மெட்ராய்ட்னு ஒரு கேம், 1986ல ஜப்பான்ல வந்துச்சு, அதுல நாம ஓட்டுற ஆளு தான் சேமஸ். ஃபுல்லா இரும்பு கவசம், ஹெல்மெட், கைல பீரங்கி, தனியா ஒரு கிரகத்துல இறங்கி எல்லாத்தையும் அழிக்கணும். இங்கிலீஷ் மேனுவல்ல கூட அவன் அவன்னு தான் எழுதிருந்தாங்க. கடைசில கேமை முடிச்சப்புறம் தான், அதுவும் போதுமான வேகத்துல முடிச்சா தான், ஹெல்மெட்டை கழட்டுவா, அட பொண்ணுன்னு தெரியும். பெருமையா சொல்ற கதை இது, நானும் முதல்ல பெருமைப்பட்டேன். அப்புறம் முழுசா படிச்சேன். கேமை எவ்ளோ சீக்கிரம் முடிக்கறியோ அவ்ளோ துணி கொறையும், ரொம்ப சீக்கிரம் முடிச்சா பிகினில நிப்பா, அது விளையாடினவனுக்கு பரிசு. கவசம் போட்டிருந்த வரைக்கும் அவ வீரன், கழட்டினதும் அவ பரிசு. நான் ஏன் கருவாடாவே இருந்தேன்னு இதுக்கு மேல எனக்கு விளக்க தெரியல.

அந்த ஜனவரி ராத்திரி மக ஒண்ணு கேட்டா, அம்மா, கேமெல்லாம் பசங்க தான் கண்டுபிடிச்சாங்களா, அதனால தான் அவங்களுதுன்னு நெனக்கிறாங்களான்னு. எனக்கு அப்ப பதில் தெரியல, பெரிசா என்ன தெரியும், கேன்டீன்ல வேலை பாக்கறவ. ஒரு வாரம் தேடி படிச்சேன், அதை தான் இங்க கொட்டுறேன்.

ராபர்ட்டா வில்லியம்ஸ்னு ஒரு அம்மா. கலிஃபோர்னியா. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமர், ரெண்டு சின்ன பசங்க. அந்த காலத்து கேம்ல வெறும் எழுத்து தான், இந்தம்மா படம் போட்ட கேம் ஒண்ணு வேணும்னு யோசிச்சு, கொலை நடந்த ஒரு வீடு, யாரு கொன்னாங்கன்னு கண்டுபிடிக்கணும், அந்த மொத்த கதையையும் பேப்பர்ல வரைஞ்சு எழுதினது எங்க தெரியுமா, கிச்சன் டேபிள்ல. மிஸ்டரி ஹவுஸ், 1980, படத்தோட வந்த முதல் அட்வென்ச்சர் கேம். டிஸ்க்கை மசாலா போட்டு வெக்கிற மாதிரி ஜிப்லாக் கவர்ல போட்டு வித்திருக்காங்க, 10,000க்கு மேல போச்சு. அதுலேர்ந்து தான் சியர்ரான்னு பெரிய கம்பெனியே வந்துச்சு. இதை மக கிட்ட சொன்னப்ப அடுத்த தடவ எவனாவது கிச்சனுக்கு போன்னா இந்த கதையை சொல்லவான்னு கேட்டா. சொல்லு, ஆனா மேட்ச் முடிஞ்சுடும் நீ சொல்லி முடிக்கறதுக்குள்ளன்னேன்.

கரோல் ஷான்னு இன்னொருத்தங்க, அடாரி கேம் கம்பெனில வேலை பாத்தப்ப கம்பெனி தலைவர் வந்து, ஆஹா நமக்கும் ஒரு பொம்பள டிசைனர் கெடச்சாச்சு, இனிமே மேக்கப் கலர் பொருத்தறது, வீட்டு அலங்காரம் அந்த மாதிரி கேம் பண்ணலாம்னாராம். அவங்க 1982ல ரிவர் ரெய்ட் பண்ணாங்க, ஆத்து மேல போர் விமானம் ஓட்டி பாலத்தை ஒடைக்கிற கேம், அதுவும் வேற கம்பெனிக்கு போய். நல்லா வேணும்.

ஆனா எனக்குன்னு மனசுல ஒட்டிக்கிட்டது மூரியல் த்ராமிஸ். மார்த்தினிக் தீவுல பொறந்தவங்க, அதுவும் எங்களை மாதிரி பிரான்சுக்கு சொந்தமான கரும்பு தீவு தான், கடல் மட்டும் வேற. இன்ஜினியரா வேலை பாத்துட்டு கேம் பக்கம் வந்து 1987ல மேவிலோன்னு ஒண்ணு பண்ணாங்க, மார்த்தினிக்ல 1902ல எரிமலை வெடிச்சு சேன் பியர் டவுன் அழிஞ்சுதே அந்த காலத்துல நடக்கிற கதை. அடுத்த வருஷம் ஃப்ரீடம்னு ஒண்ணு, கரும்பு தோட்டத்துல அடிமைங்க கலகம் பண்றது தான் கேமே. 1988ல! எல்லாரும் காளானை மிதிச்சுட்டு இருந்த நேரத்துல ஒரு கறுப்பின பொண்ணு முதலாளி வீட்டை எப்படி பிடிக்கறதுன்னு கேம் பண்ணிருக்கா. 2018ல பிரெஞ்சு அரசாங்கம் லெஜியோன் தோனர் விருது குடுத்துச்சு. வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன், அவருக்கு அந்த பேரே தெரியல, ஆனா அவங்க வேலை பாத்த கோக்டெல் விஷன் கம்பெனி பேரை சொன்னதும் அட அதிபூ பண்ணவங்களான்னு குதிச்சாரு, அது புள்ளைங்களுக்கு பாடம் சொல்லி குடுக்கற கேம், சின்ன வயசுல ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அதிபூ விளையாடாத ஆளே இந்த ஊர்ல இல்லையாம்.

எனக்கு அது ஏன் ஒட்டிக்கிச்சுன்னா, இங்க 1848ல அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்பு வெட்ட ஆளு வேணும்னு பாண்டி, காரைக்கால்லேர்ந்து கப்பல் கப்பலா ஏத்திட்டு வந்த கதை இருக்கே, அந்த கப்பல்ல வந்தவங்க கொள்ளுப்பேத்தி தான் என் மக. நாங்க இருக்கறதுலேர்ந்து கொஞ்ச தூரத்துல புவா ரூழ் சக்கரை ஆலை இன்னிக்கும் ஓடுது, வெட்டு சீசன்ல ரோடு முழுக்க கரும்பு வண்டி. அந்த கதையில ஒரு கேம் கூட நான் பாத்ததில்ல. எங்க மாதிரி பொண்ணுங்க கேம்ல வந்தா எப்படி வராங்கன்னு பாத்தா ஓவர்வாட்ச்ல சிமெட்ரா, 2016, ஹைதராபாத் பொண்ணு, லைட்டால கட்டடம் கட்டுவா, நல்ல கேரக்டர் தான், எனக்கு புடிக்கும், ஆனா அவளுக்கும் தேவின்னு ஒரு ட்ரெஸ்ஸு போட்டு சாமி ஆக்கிட்டாங்க, அதுக்கு ஒரு சண்டை நடந்துச்சு. ஸ்மைட்னு ஒரு கேம்ல காளியாத்தாவே வரா, துணி போட்ட லட்சணத்துக்கு 2012லயே ஹிந்து அமைப்புங்க கண்டனம் தெரிவிச்சாங்க. எங்க மாமியார் ஊர்ல காளி கோயில் திருவிழான்னா உயிரு, விரதம் இருந்து நெருப்பு மிதிக்கற குடும்பம், அவங்க கிட்ட அந்த படத்தை காட்டி இது காளி அத்தைன்னேன். கண்ணாடியை போட்டு நல்லா பாத்துட்டு கிரியோல்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, இவளுக்கு குளிராதா? நான் அவங்களை அத்தைன்னு தமிழ்ல தான் கூப்புடுவேன், முதல்ல புரியல, இப்ப வேற எப்படி கூப்ட்டாலும் திரும்ப மாட்டாங்க.

இதை விட எனக்கு ஆத்திரம் வந்த விஷயம் ஒண்ணு இருக்கு. அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி, 2014ல வந்துச்சு, பிரெஞ்சு புரட்சி காலத்துல நடக்குது, நாலு பேரு சேந்து விளையாடலாம், நாலும் ஆம்பள. ஏன் பொண்ணு இல்லைன்னு கேட்டதுக்கு அனிமேஷனும் ட்ரெஸ்ஸும் இரட்டிப்பு வேலை ஆகும்னு பதில் சொன்னாங்க. அதே சீரிஸ்ல முன்னாடி வேலை பாத்த அனிமேஷன்காரரே அதெல்லாம் ஒரு நாள் ரெண்டு நாள் வேலைன்னு சொல்லிட்டாரு. மக ஸ்கூல்ல இந்த புரட்சியை பத்தி தான் படிச்சுட்டு இருந்தா, நான் கேட்டேன், 1789 அக்டோபர்ல பாரிஸ்லேர்ந்து வெர்சாய் அரண்மனை வரைக்கும் ரொட்டி கேட்டு நடந்து போனது யாரு? பொம்பளைங்க. 1793ல புரட்சித் தலைவர் மாராவை குளியல் தொட்டிலயே கத்தியால குத்தினது யாரு? ஷார்லோத் கோர்தே. கொலைகாரங்களை பத்தின கேம்ல, அந்த காலத்துலயே பேர் போன கொலைகாரி ஒருத்தி நெஜமாவே இருக்கா, அவளை மாதிரி ஒருத்திக்கு அனிமேஷன் போட முடியல. அந்த கேமை பண்ண யூபிசாஃப்ட் கம்பெனியோட முன்னாள் பெரிய தலைங்க மூணு பேரை 2025 ஜூலைல ஆபீஸ்ல பண்ண தொல்லைக்கு பொபிஞ்யி கோர்ட்டு குற்றவாளின்னு சொல்லுச்சு, எல்லாருக்கும் சஸ்பெண்டட் தண்டனை. உள்ள அப்படி இருந்தா வெளிய வர்ற கேம் எப்படி இருக்கும். கோர்ட்டு செய்தி வந்தப்ப நான் கேன்டீன்ல கேரட் சீவிட்டு இருந்தேன், ரேடியோல கேட்டேன், சீவுற வேகம் கூடிடுச்சு.

சரி வெண்பாங்கற கேமுக்கு வரேன், இந்த போஸ்ட்டே அதுக்காக தான் ஆரம்பிச்சேன், எங்கெங்கயோ போயிட்டேன்.

2025 பிப்ரவரி 28 கரான்ஸ் புயல் அடிச்சுது. வடக்கு பக்கம் நாங்க இருக்கறதால நல்லா வாங்கினோம், மாமரம் ஒண்ணு போச்சு, தகரம் பறந்துச்சு, கரண்ட் இல்ல தண்ணி இல்ல நெட் இல்ல. காத்து அடங்குனப்புறம் வீட்ல நாங்களும் அத்தையும் ஒரே ரூம்ல, இருட்டு, புழுக்கம். மகளோட ஸ்விட்ச்ங்கற கையடக்க கேம் மெஷின்ல சார்ஜ் இருந்துச்சு, பவர் பேங்க் ஒண்ணும் இருந்துச்சு. நெட் இல்லாம எது ஓடும்னு தேடினா நான் எப்பவோ தள்ளுபடில வாங்கி போட்டு மறந்து போன வெண்பா இருந்துச்சு.

தெரியாதவங்களுக்கு: 2023 ஜூலைல வந்த சின்ன கேம், கனடாவுல டொராண்டோல நம்ம தமிழ் பையன் ஒருத்தர் தலைமையில பண்ணது, 2024ல பிரிட்டன்ல பாஃப்டா விருதுல, ஒரு டீம் பண்ற முதல் கேமுக்கான விருது வாங்குச்சு. கதை 1988ல ஆரம்பிக்குது, தமிழ்நாட்லேர்ந்து கனடா வந்த வெண்பான்னு ஒரு பொண்ணு, புருஷன் பாவலன், அப்புறம் பொறக்கற பையன் கவின். விளையாட்டு என்னன்னா சமையல். அவ அம்மா எழுதி குடுத்த சமையல் நோட்டு நைஞ்சு கிழிஞ்சு எழுத்து அழிஞ்சு கெடக்கு, பாதி வரி இல்ல, அந்த இல்லாத பாதியை நாம யோசிச்சு கண்டுபிடிச்சு சமைக்கணும். முதல்ல இட்லி.

மக இட்லி தட்டை வரிசையா அடுக்கினா. வராது. குழிக்கு நேரா குழி வந்தா மேல் தட்டு இட்லியோட அடி கீழ் தட்டு இட்லியை அமுக்கிடும், ஓட்டை மேல குழி வர்ற மாதிரி மாத்தி வெக்கணும். நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு தடவ தப்பு பண்ணா, அப்புறம் எழுந்து டார்ச்சை எடுத்துட்டு எங்க கிச்சனுக்கு போனா. பாண்டிலேர்ந்து நான் சூட்கேஸ்ல வெச்சு தூக்கிட்டு வந்த எவர்சில்வர் இட்லி தட்டு, 13 வருஷமா அவ சாப்பிடுற இட்லி அதுல வந்தது, முதல் தடவையா கையில எடுத்து பாத்தா. திருப்பி திருப்பி பாத்தா. வந்து உக்காந்து சரியா அடுக்கிட்டா.

இங்க தான் எனக்குள்ள ஒரு சண்டை. புள்ளைய ஒருத்தன் கிச்சனுக்கு போன்னு வெரட்டினான், அவ அழுதா, ஒரு மாசம் கழிச்சு ஒரு தமிழ் பொம்பள கதாநாயகியா வர்ற, எனக்கு தெரிஞ்ச ஒரே கேமை நான் கையில குடுக்கறேன், அதுலயும் அவ கிச்சன்ல தான் நிக்கிறா. இது சரியா? அவளுக்கு பீரங்கி குடுக்கக் கூடாதா, அவ ராக்கெட் ஓட்டக் கூடாதான்னு எனக்கே தோணுச்சு. ராத்திரி தூக்கம் வரல, புழுக்கம் வேற.

நான் கண்டுக்கிட்டது இது தான், தப்பா இருந்தா கமென்ட்ல திட்டுங்க. அவன் சொன்ன கிச்சன் ஒரு மூலை, வாயை மூடிட்டு நிக்கிற எடம். வெண்பாவோட கிச்சன்ல தப்பு பண்ணா யோசிக்கணும், ஆவி எங்கேர்ந்து வரும், எதை முதல்ல போடணும், மாவு ஏன் ஒட்டுது, அது ஒரு புதிர், மூளைய கசக்குற வேலை, மத்த எந்த கேம்லயும் துப்பாக்கியை ரீலோட் பண்றதுக்கு குடுக்கற மரியாதையை இதுல இட்லி தட்டுக்கு குடுத்திருக்காங்க. நான் வேலை பாக்கற எடத்துல தெனமும் செய்யறது அது தான், 300 புள்ளைங்களுக்கு ஒரே நேரத்துல சோறு வேகணும், எது எப்ப எறங்கணும்னு தலைக்குள்ள ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும், இதை ஒரு திறமைன்னு யாரும் எனக்கு பாய்ன்ட் குடுத்ததில்ல. அதோட வெண்பா பேசறா. வாய் நெறைய பேசறா, சலிச்சுக்கறா, டீச்சர் வேலை கெடைக்கலன்னு நொந்துக்கறா. ஹெல்மெட் கிடையாது.

கதை போகப் போக கவின் பெரியவனாகறான், தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றான், விலகிப் போறான். அப்புறம் ஒரு கட்டத்துல நாம கவினா விளையாடணும், அதே நோட்டு, அவனுக்கு தமிழ் சரியா படிக்க வராது, தட்டுத் தடுமாறி சமைக்கிறான். அங்க வந்ததும் மக எதுவும் பேசல. அவளுக்கும் தமிழ் படிக்க வராது, சனிக்கிழமை தமிழ் க்ளாஸ்ல உயிரெழுத்தோட நின்னுட்டா, நான் கத்தி கத்தி ஓஞ்சுட்டேன். அத்தை பாதியில கேட்டாங்க, அந்த பையன் ஏன் அம்மா பேசறதுக்கு வேற பாஷைல பதில் சொல்றான்னு. அவங்க அம்மா கடைசி காலத்துல தமிழ்ல தான் ஏதோ முனகிட்டே இருந்தாங்களாம், வீட்ல ஒருத்தருக்கும் புரியலையாம். இதை அவங்க சொல்லி நான் இத்தனை வருஷத்துல கேட்டதே இல்ல. பவர் பேங்க் தீர்ற வரைக்கும் விளையாடினோம். முடிவை நாலு நாள் கழிச்சு கரண்ட் வந்தப்புறம் தான் பாத்தோம், அதை சொல்ல மாட்டேன், ரெண்டு மணி நேர கேம் தான், விளையாடிக்கோங்க.

அப்புறம் எங்கம்மாவுக்கு வாட்சப்ல வீடியோ கால் போட்டு டிவில காட்டினேன். "ஏன்டி, மாவு இவ்ளோ தண்ணியா இருக்கு, இட்லி எப்படி எழும்பும்"னுச்சு. விருது வாங்கின கேம்மா அதுன்னேன். "விருது குடுத்தவன் இட்லி தின்னுருக்க மாட்டான்."

மக இப்ப மறுபடி மைக் போட்டு விளையாடறா. அவ ஸ்கூல் பொண்ணுங்க நாலு பேரு சேந்து ஒரு டீம் மாதிரி வெச்சிருக்காங்க, அஞ்சாவதா வர்ற தெரியாத ஆளு ஏதாவது உளறினான்னா நாலு பேரும் சேந்து கிரியோல்ல கிழிக்கறாங்க, நான் கதவை சாத்திடறேன், சில வார்த்தை எனக்கே புதுசு.

நான் இன்னும் ஆன் பண்ணல. பழக்கம் போகல. ஆனா போன வாரம் ஒண்ணு நடந்துச்சு, மகளோட ஹெட்செட்டை எடுத்து போட்டு விளையாடினேன், அவ மைக்கை ஆன்லயே விட்டிருக்கா, எனக்கு தெரியல. நல்ல சண்டை, எங்காளு பின்னாடி ஒருத்தன் வரான், என்னை அறியாம "டேய் பின்னாடி பாருடா பின்னாடி"ன்னு கத்திட்டேன். ரெண்டு செகண்ட் யாரும் பேசல. எனக்கு வயித்துல புளி கரைச்சுது. அப்புறம் ஒருத்தன், சின்ன பையன் கொரலு, "காருவாது, இது என்ன பாஷை?"ன்னு கேட்டான். தமிழ்னேன். சரின்னுட்டு திரும்பி பாத்தான், அதுக்குள்ள செத்துட்டான். அடுத்து நானும் செத்தேன். 194 பிங்.